பாய்க்கு அடியில் இருந்த கால்

என் அக்காள் புருஷன் பெத்தேலோவுக்கு ஊரில் பேச்சாளர் பட்டம். தோளில் அந்தப் பட்டத்துக்கு அடையாளமான நார்க்குஞ்சத்தைப் போட்டுக்கொண்டு எழுந்தாரென்றால் மழை கொட்டினாலும் உட்கார மாட்டார். சவாயித் தீவின் இந்தக் கரையில் தன்னைப்போல் வேதம் தெரிந்தவன் கிடையாது என்று அவரே சொல்வார். வீட்டில் யாருக்கு என்ன நோவு என்பது மட்டும் தெரியாது.

பிறந்தது கத்தோலிக்கராக. கல்யாணம் ஆனதும் அக்காவின் சபைக்கு வந்தார். அங்கே டீக்கன் பதவி தரவில்லை என்ற கடுப்பில் பெந்தெகொஸ்தேக்காரர்களிடம் போனார். எங்கே போனாலும், விட்டுவந்தவர்கள்தான் வசனத்தைத் தப்பாகப் படிக்கிறவர்கள். இதற்கு அவர் வைத்த பெயர் விசுவாசம். நான் வைத்த பெயர் திமிர்.

அக்கா மலேயாவுக்குச் சர்க்கரை. குதிகாலில் பவளப்பாறை குத்திய புண் ஆறவே இல்லை. கப்பலேற்றி, பக்கத்துத் தீவிலிருக்கும் ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

"அவசரப்படாத. வியாதிக்காரன் மூப்பரைக் கூப்பிடணும், அவங்க எண்ணெய் பூசி ஜெபம் பண்ணணும்னு வேதத்துல யாக்கோபு சொல்லியிருக்காரு. அதுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணுவோம்," என்றார் பெத்தேலோ.

"நீங்க முடிவு பண்றதுக்குள்ள கால் அழுகிடும், அத்தான்."

"பொம்பளைக்கு வசனத்துல என்ன வேலை? போய்க் கிழங்கை உரி."

முடிவுபண்ண மூன்று பேரை அழைத்தார்: கத்தோலிக்க ஃபாதர், எங்கள் சபைப் போதகர், பெந்தெகொஸ்தே பாஸ்டர். குருமார் வந்தால் பன்றி அடிக்காமல் முடியுமா? கல்லைச் சுடவைத்து அடுப்பு மூட்டினோம். வீட்டுக்காரி பந்தியில் இல்லாவிட்டால் மானம் போய்விடுமாம். அக்காவைத் தூக்கிவந்து தூணோரம் உட்காரவைத்தார் அத்தான். அவளால் காலை மடக்க முடியவில்லை. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவது எங்களுக்குச் செருப்பால் அடிப்பது மாதிரி. அதனால் நீட்டிய காலின்மேல் ஒரு பாயைப் போட்டு மூடினார்.

"எண்ணெய் பூசறது அருட்சாதனம். குருவானவர் பூசினாத்தான் செல்லும். முதல்ல ஆத்துமா குணமாகணும்," என்றார் ஃபாதர்.

"அந்தக் காலத்துல எண்ணெய்தானே மருந்து, ஃபாதர்? மருந்தும் போடு, ஜெபமும் பண்ணுங்கிறாரு, அவ்வளவுதான்," என்றார் போதகர்.

"மருந்துன்னு எங்க இருக்கு? விசுவாசத்தோட பண்ற ஜெபம் காப்பாத்தும்னு இருக்கு. எண்ணெய் வெறும் அடையாளம்," என்றார் பாஸ்டர்.

போதகர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமே," என்றேன்.

பெத்தேலோ குஞ்சத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "இன்னும் முடிவாகல."

பன்றியின் முதுகுக்கறி தீர்ந்தது. கொக்கோ வந்தது. படித்த மூன்று பேரும் அந்தக் காலைப் பற்றியே பேசினார்கள். காலைக் காட்டும்மா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மரியாதை தெரிந்தவர்களாயிற்றே.

நான் பாயை உருவினேன். குதிகால் கன்னங்கரேலென்று இருந்தது. நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. ஃபாதர் கையிலிருந்த கறியைக் கீழே வைத்தார். பாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் அத்தான் சொன்னது இதுதான்: "பாயைப் போடு. பெரியவங்க சாப்பிடறாங்க."

போதகர் மட்டும் எழுந்துபோய்த் தன் வேனை எடுத்துவந்தார். அதில்தான் அவளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம். ஆப்பியாவில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா வீடு திரும்பியதும் நன்றி ஜெபம். மறுபடி பன்றி, மறுபடி அதே மூன்று பேர், மறுபடி அக்கா தூணோரம், மடியில் பாய். பெத்தேலோ எழுந்தார். கால் உன்னைப் பாவத்தில் தள்ளினால் அதை வெட்டிப்போடு என்று ஆண்டவர் சொன்னாரே, அதை அப்படியே எடுத்துக்கொள்வதா, உவமையாக எடுத்துக்கொள்வதா, குருமார் விளக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பெண்டாட்டிக்குக் கால் போனதில் மனிதருக்கு ஒரு புது வசனம் கிடைத்திருந்தது. தூ என்று துப்பலாம்போல இருந்தது எனக்கு.

அக்கா பாயைத் தள்ளினாள். வெட்டியதுபோக மிச்சமிருந்த காலை அவருக்கு நேராக நீட்டினாள். குருமார் மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"காலை மூடு," என்றார் பெத்தேலோ.

"மூட மாட்டேன். நீங்க பேசுங்க."

அவர் உட்கார்ந்தார்.