ஐயா வர்த்தகர் அல்லர், கரடி

மாமா தட்டெழுதித் தந்த பக்கத்தில் எங்கள் ஐயா 'ஓய்வுபெற்ற வர்த்தகர்' என்று இருக்கிறது. ஐயா தன் வாழ்நாளில் ஒரு வாழைப்பழம்கூட விற்றதில்லை. நாற்பது வருடம் சர்க்கஸிலும் மேடைகளிலும் மிருக வேடம் போட்டவர். ஆகவே, ஐயா காலமாகி முப்பத்தோராம் நாளான இன்று உங்கள் கையில் தரும் நினைவு மலரில் மாமாவின் பக்கத்தை எடுத்துவிட்டு ஐயாவின் மகள் நான் இதை வைக்கிறேன். எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்புத்தான். நாலு பேர் முன்னால் கதைத்துப் பழக்கமும் இல்லை. இதில் பிழை இருக்கலாம், பொய் இல்லை.

ஐயா பருத்தித்துறைக்குக் கிட்டப் பிறந்தார். ஐந்து ஆண்களில் நாலாமவர். மற்ற நால்வரும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். அதைத் தவிர அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஐயா பதினெட்டாவது வயதில், யாழ்ப்பாணத்தில் கூடாரம் போட்ட இந்தியச் சர்க்கஸ் ஒன்றுக்குத் தண்ணீர் அள்ளப் போனார். அடுத்த வருடம் அவர்களுடைய கிழட்டுக் கரடி செத்துவிட்டது. நோட்டீஸில் கரடி என்று அடித்தாகிவிட்டது. முதலாளி தோலைப் பதப்படுத்தித் தைப்பித்து ஐயாவுக்குப் போட்டுவிட்டார்.

வேறு யாராவது என்றால் உறுமியிருப்பார்கள். ஐயா உறுமவில்லை. கரடி முன்காலைத் தூக்குவதற்கு முதல் இடுப்பைச் சரிக்கும் என்று ஒரு வருடமாகப் பார்த்து வைத்திருந்தார். கால்களின் உயரம் வருவதற்குக் கைகளில் குட்டைக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எறிந்த கடலையை வாயால் பொறுக்கித் தின்றார். கைதட்டல் எல்லாம் கரடிக்குத்தான். உள்ளே ஆள் இருப்பது யாருக்காவது தெரிந்தால் அன்றைய வேலை தோல்வி என்பார். பிறகு கொழும்பு, மதராஸ், பினாங்கு என்று மேடை மேடையாக, பாட்டுக்கும் சிரிப்புப் பகிடிக்கும் நடுவில் நாயாகவும் குரங்காகவும் ஆட்டுக்கடாவாகவும் வந்தார்.

எங்கள் சொந்தக்காரருக்கு இது மானக்கேடு. கலியாண வீடுகளில் ஐயாவை அடுப்படிப் பக்கம் இருத்துவார்கள். பிள்ளைகள் அழுதால் மட்டும் பெரியப்பாமார் வந்து, "தம்பி, ஒருக்கா அந்த நாயைச் செய் பாப்பம்," என்பார்கள். பிள்ளை அடங்கியதும் ஐயா திரும்பவும் அடுப்படிக்கு. என்னுடைய கலியாணப் பேச்சில்தான் அவர் முதன்முதலாக வர்த்தகர் ஆனார். நானும் வாய் திறக்கவில்லை.

அம்மா காலமான பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐயாவை நான் குடியிருக்கும் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பியான மாமா எங்களுக்கு முதலே இங்கே வந்து பெரிய மனிதராகியிருந்தார். கூட்டங்களில் டை கட்டிக்கொண்டு மூக்கால் ஆங்கிலம் பேசுவார். ஒரு முறை ஐயா பின்வரிசையில் இருந்து கடைசிவரை பார்த்துவிட்டு, "முன்னங்கால் வெள்ளைக்காரன். பின்னங்கால் இன்னும் ஊரிலதான் நிக்குது," என்றார். மிருகமோ மனிதனோ, வேடம் பின்னங்காலில்தான் பிடிபடும் என்பது அவருடைய கணக்கு. மாமாவின் பேச்சுகளைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஒரு ஈஸ்டருக்கு நியூ லின் கடைத்தொகுதியில் அந்தப் பண்டிகையின் முயல் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். எழுபது வயதில் ஐயா போனார். பொறுப்பாயிருந்த வெள்ளைக்காரப் பெண், பிள்ளைகளுக்குக் கை காட்டச் சொன்னாளாம். முயல் கை காட்டாது என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஐயா அசையாமல் குந்தியிருந்தார். சத்தம் வந்தால் தலை மட்டும் மெல்லச் சரியும். கிட்டப் போனால் ஓடிவிடும் என்பதுபோல், பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் சுற்றி நின்றார்கள்.

நான் அப்போது மாமாவின் மனைவியான மாமியோடு சாமான் வாங்க அந்த வழியால் வந்தேன். உள்ளே இருப்பது யாரென்று மாமிக்குத் தெரியாது. "உதுக்குள்ளை ஆரோ பாவம். உதும் ஒரு பிழைப்பே?" என்றார்.

"ஓம் மாமி," என்றேன். சொல்லிவிட்டு ஐயாவைக் கடந்து போனேன். முயல் அசையவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்த ஐயா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "செருப்பு புதுசோ, பிள்ளை? நல்லாயிருக்கு," என்றார். முயலின் வாய்த் துவாரத்தால் தரைதான் தெரியும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

அடுத்த கிழமை மாமாவுக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தார்.

"அத்தான், சனம் என்ன கதைக்கும்?"

"முயலைப் பற்றிக் கதைக்கும். உமக்கேன் வெக்கம்? நீரே முயல்?"

கடைசியில் நெஞ்சு வருத்தத்தோடு ஐயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தாதி படிவம் நிரப்ப வந்து, என்ன வேலை செய்தவர் என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு "பிஸ்னஸ்" என்றார். ஐயா மூச்சுக்காகப் போட்டிருந்த வாய் மூடியை விலக்கி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, கரடி எண்டு எழுதச் சொல்லு."

"அறளை பேந்திட்டுது, வயசு போய்ப் புத்தி மாறிட்டுது," என்று மாமா சிரித்தார். தாதி பேனையோடு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பிஸ்னஸ் என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஐயா காலமானார். உங்களில் பலரை நான் மதிப்பதில்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். அன்றைக்கு நிலத்தைப் பார்த்தவளையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருக்கிறேன்.

போன கிழமை மாமா டெலிபோனில், "உந்தக் கரடிப் படத்தை அட்டையில போட்டால் எங்கட ஆக்கள் ஒருத்தரும் புத்தகத்தைத் தொடமாட்டினம்," என்றார்.

"தொடாட்டி விடுங்கோ, மாமா," என்றேன். நான் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஐயாவைக் கடைசி வரை கழுவித் துடைத்த ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு நன்றி. செத்தவீட்டுக்கு வந்து, முயலைப் பற்றி என்னிடம் ஆசையோடு விசாரித்த ஒரே ஆளான அந்தக் கடைத்தொகுதிப் பெண்ணுக்கு நன்றி. மாமாவுக்கும் நன்றி. அவர் தந்த பக்கத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. இதை அதில்தான் எழுதினேன்.

மலர் வேண்டாதவர்கள் வாசல் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். வைத்திருப்பவர்கள் அட்டையைப் பாருங்கள். கழுத்தில் சங்கிலியோடு நிற்பது எங்கள் ஐயா. முகம் தெரியாது. பின்னங்கால்களைப் பாருங்கள்.