போன தடவை எழுதியது

சிறப்புக் கல்விப் பட்டப்படிப்பை மதிப்பீடு செய்ய, ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். கருத்துச் சொல்ல பத்து பாகாட் ஊரிலிருந்து, சிறப்புக் கல்வி மாணவன் ஒருவனின் அம்மாவை அழைத்திருந்தார்கள். தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தார். பேசும்போதெல்லாம் பக்கத்துக் காலி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். மகன் எழுந்து ஓடாமல் பிடித்துப் பிடித்துப் பழகிய கை.

கருத்து எழுதும் படிவத்தை நீட்டினேன்.

"போன தடவை எழுதினதையே எழுதட்டுமா சார்? பயிற்சிக்கு வர்ற டீச்சருங்க, அவனுக்கு முகம் பழகுறதுக்குள்ள போயிடுறாங்க."

"மகன் இப்ப எங்க படிக்கிறான்?"

"வயசு முடிஞ்சிருச்சி, ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்க. வீட்லதான் இருக்கான். கூப்பிட்டீங்க, வந்தேன்."

அவர் போனபின் போன மதிப்பீட்டின் அறிக்கையைப் புரட்டினேன். அவர் சொன்னதற்கு எதிரே 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்றிருந்தது. கீழே என் கையெழுத்து.

அன்று மாலை நானும் போன தடவை எழுதியதையே எழுதினேன்.