பிறகு என்ற பொத்தான்

திரையின் மூலையில் அந்தக் கட்டம் எழும்பியதும் விட்டல் மாம், கொங்கணியில் விட்டல் மாமா, கையைத் துணியில் துடைத்துக்கொள்வார். மை நகக்கண்ணை விட்டுப் போகாது. ஆனாலும் துடைப்பார். அப்புறம் மவுஸை ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போய், அம்பைப் 'பிறகு' என்ற பொத்தானில் நிறுத்தி அழுத்துவார். "இப்ப முடியாதுப்பா, அப்புறம் வா" என்று கட்டத்திடம் சொல்வார். கோயில் நன்கொடைக்கு வருகிறவர்களை அனுப்பிவைக்கும் அதே குரல். புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டம் கேட்பது. மழை தொடங்குமுன்பே கேட்க ஆரம்பித்துவிட்டது.

கர்நாடகக் கடலோர ஊரான கும்டாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாந்தேரி அச்சகம். முன்னறையில் கணினி, பின்னறையில் ஆஃப்செட் மிஷின், அதற்கும் பின்னால் வீடு. மிஷின் அவர் பொறுப்பு. கணினி மனைவி முக்தாவின் பொறுப்பு. முன்னறை விஷயமாக யார் எதைக் கேட்டாலும் "அது அவ டிபார்ட்மென்ட்" என்பார். இன்னும் அப்படித்தான் சொல்கிறார். முக்தா கோடையில் இறந்துபோனாள், அந்தக் கணினிக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தொலைபேசியை எடுத்தால் ஹலோ கிடையாது. "சாந்தேரி" என்பார், அவ்வளவுதான். காகிதத்தைக் காதருகே உதறிப் பார்த்து அதன் கனத்தைச் சொல்வார். மிஷின் ஓடும்போது உட்காரக் கூடாது என்று ஒரு நினைப்பு. கஞ்சியைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நின்றால், "எல்லாப் பேருக்கும் ஒரே மைதான்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்விடுவார். சண்டையை முக்தா தீர்த்துவைப்பாள்.

அவள் போன பிறகு அவர் அந்தக் கணினியை அணைக்கவே இல்லை. மழைக்காலத்தில் கும்டாவில் மின்சாரம் விருந்தாளி போல வந்து போகும். அதனால் வீட்டுக்கு இருந்த இன்வெர்ட்டரின் கம்பியை இழுத்து முன்னறைக்குக் கொடுத்துவிட்டார். வீடு இருட்டில் கிடக்கும், கணினி ஓடிக்கொண்டிருக்கும். அச்சக வேலைக்கு இரவல் மடிக்கணினி ஒன்று போதுமென்றார். எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பிரபுவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மாம், கம்ப்யூட்டருக்கு டைபாய்டா? ராவும் பகலும் விசிறிக்கிட்டே இருக்கீங்க" என்றான். "ஆமா. மருந்து உன் கடையில இல்ல" என்றார்.

மகள் மேதா பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறாள். அப்டேட் போடுவதும், போடாமல் தள்ளிப்போடுகிறவர்களைத் துரத்துவதும் அவள் வேலை. மழை நடுவே ஒரு வார விடுப்பில் வந்தாள். முன்னறையில் திரை இருண்டிருந்தது. அதை எழுப்ப, எல்லோரும் செய்வதுபோலக் கட்டைவிரலை ஸ்பேஸ் பாரில் வைக்கப் போனாள். அப்பா மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த இடத்தில் மை ஒட்டியது.

"மவுஸை மட்டும் ஆட்டு. கீபோர்டுல கை வைக்காதே."

திரை விழித்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை, பாதியில் நின்றிருந்தது. மீதியை வேறிடத்தில் அடித்து, கல்யாணமும் எப்போதோ முடிந்துவிட்டது. இதை எதற்கு மூடாமல் வைத்திருக்கிறார் என்று கேட்டாள். சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. துண்டு துண்டாகத்தான் சொன்னார்.

கணினியில் முக்தா அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, அன்டூ விசை. "ஏதாவது தப்பாப் போச்சுன்னா இதை அழுத்துங்க, பழையபடி ஆயிடும்." காரியங்கள் முடிந்த மறுநாள் அவர் அதை அழுத்திப் பார்த்தார். பத்திரிகையின் கடைசி வரி மாறியது. விடாமல் அழுத்தினார். அவள் அடித்ததெல்லாம் பின்னோக்கிக் கரைந்து வெள்ளைத் தாள் மிஞ்சியது. பதறிப்போய்ப் பிரபுவைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல் வழி கேட்டார். முன்னுக்குக் கொண்டுவரவும் ஒரு விசை உண்டு என்று அவன் காட்டிவிட்டுப் போனான். அதை அழுத்த அழுத்த, முக்தா மறுபடி அடிக்கத் தொடங்கினாள். முதலில் குலதெய்வத்தின் பெயர். பிறகு மாப்பிள்ளையின் தாத்தா. அங்கே கொஞ்சம் அழித்து, பாட்டியின் பெயரையும் அவர் பக்கத்தில் சேர்த்தாள். யோசித்தது, மாற்றியது, திருத்தியது எல்லாம் அப்படியே.

அன்றிலிருந்து மாலையில் மிஷினை நிறுத்தியதும் அவருக்கு இதுதான் வேலை.

நடுவில் யாராவது ஒரு எழுத்தைத் தட்டிவிட்டால் அதற்கப்புறம் உள்ளது போய்விடும். ரீஸ்டார்ட் ஆனால் மொத்தமும் போய்விடும். பத்திரிகை மிஞ்சும், அவள் அடித்த விதம் மிஞ்சாது. மேதா அன்றே எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்தாள். "அதுவும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வராது பப்பா. அது ஃபைல்ல இல்ல. மெமரியில இருக்கு. கரன்ட் இருக்கிற வரைக்கும்தான்."

போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதற்குக் கொஞ்சம் யோசித்தார். "அதுல நான் அழுத்தாமலே எழுத்து வந்துடுமே" என்றார்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், கட்டம் மூலையில் வரவில்லை. திரையின் நடுவில் பெரிதாக வந்தது. இன்று மாலை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் என்றது. வேண்டுமானால் இப்போதே செய்யலாம் என்று ஒரு பொத்தான். இன்னொரு பொத்தான் இல்லை.

"மேதூ, இங்க வா. பிறகுங்கறது எங்க போச்சு?"

அவள் வந்து பார்த்தாள். தள்ளிப்போடுவதற்கும் ஒரு எல்லை உண்டு, அது முடிந்துவிட்டது என்று விளக்கினாள். இதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றாள். பார்க்க ஒன்றும் இல்லை. திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளை வரி அடித்தால் ரீஸ்டார்ட் நின்றுவிடும். அந்த வரி அவளுக்கு மனப்பாடம். பத்திரிகைக்கு எதுவும் ஆகாது.

"இரு. நீ முழுசாப் பாத்ததில்லையே" என்று அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

பின்னுக்குப் போய் வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கினார். மேதா நின்று பார்த்தாள். அம்மாவின் கைதான். தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டுவிட்டுக் கீழே போகிற கை. பெண் வீட்டார் பெயர்கள் மளமளவென்று வந்தன. பிறகு மண்டபத்தின் பெயர். அது தப்பாக வந்தது. அழித்தாள். மறுபடி தப்பாக வந்தது. மறுபடி அழித்தாள். ஊரில் பாதிக் கல்யாணம் நடக்கிற மண்டபம் அது. கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள். மூன்றாம் தடவை வந்தது சொல்லே இல்லை. சேராத எழுத்துகள். அவற்றில் பாதியை அழித்திருந்தாள். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அவர் விரல் விசையின் மேலேயே இருந்தது. "இந்த நேரத்துல நான் பின்னாடி மிஷின் ஓட்டிட்டு இருக்கேன்" என்றார். "கூப்பிட்டாளோ என்னவோ. அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்." பின்னுக்குப் போனார். முன்னுக்கு வந்தார். மண்டபத்தின் பெயர் தப்பாக வந்தது. "இங்க நான் மிஷினை நிறுத்தியிருக்கணும்." இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனார். "இல்ல. இங்க."

தினமும் இப்படியா என்று மேதா கேட்டாள். தினமும்தான் என்றார். இந்த இடம் வந்ததும் நாலைந்து தடவை போய் வருவாராம். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காதாம். அதை வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

"சரி, நீ இதை நிறுத்து" என்று எழுந்து இடம் விட்டார்.

அவள் உட்காரவில்லை.

"முடியாது பப்பா. கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான்."

"உன்னாலயே முடியாதா?"

"என்னாலயும் முடியாது."

அவர் அவளைப் பார்த்தார். கேட்ட பதிலைச் சரிபார்க்கிற பார்வையாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கடைசி எழுத்து வரைக்கும் கொண்டுவந்தார். கடைசி வந்த பிறகும் ஒருமுறை அழுத்தினார். டொக் என்று ஒரு சத்தம். இன்னொரு முறை அழுத்தினார். அதே சத்தம். மாலை வரைக்கும் காத்திருக்கலாம் என்றாள் மேதா. எதற்கு என்று கேட்டுவிட்டு, மவுஸைத் தள்ளிப் போய் இருந்த ஒரே பொத்தானை அழுத்தினார்.

பத்திரிகை போயிற்று. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஆகும் என்றாள்.

அவர் எழுந்து மிஷின் அறையைத் தாண்டி, வீட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையிலேயே கிணற்றில் வாளியை இறக்கி, நீர் இறைத்து, போட்டிருந்த சட்டையோடு ஊற்றிக்கொண்டு தலைமுழுகினார்.