மச்சான் தட்டாத ஆக்சில்

காலண்டர் தாள் ஒன்றில் பென்சில் தேய்த்து எடுத்த பல்வரிசை அது. தன் வண்டியின் முறிந்துபோன ஆக்சில் தண்டின் பல் வெட்டிய நுனியில் தாளைச் சுற்றி, மச்சானே தேய்த்து எடுத்தார். மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "இதான் மாப்ள பொண்ணு ஜாதகம். பொருந்துற ஜோடியத் தேடிக்கினு வாங்க" என்று அனுப்பினார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பின் உடம்பு, ஏதோ ஒரு வேனின் இஞ்சின், எங்கிருந்து வந்ததென்று அவருக்கே மறந்துபோன பின் ஆக்சில் எல்லாவற்றையும் சேர்த்து, சேற்றிலும் பாறையிலும் ஏறுகிற வண்டி ஒன்றைத் தனக்கென்று கட்டியிருந்தார். "இதுக்கு அப்பன் பேரு கேக்காதீங்க, ஊரே அப்பன்தான்" என்பார். எனக்குப் படிப்பு குறைவு. இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த அறிவுதான். அப்பன் பேர் தெரியாத வண்டிக்குக் கடையில் பேர் சொல்லிச் சாமான் வாங்க முடியாது. பழைய இரும்புக் கடைகளில் பல்லை எண்ணி, நீளம் அளந்து, கடைசியில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தண்டு மணிபோல நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி உடனே அடங்கிவிடும்.

மூன்று நாள் அலைந்தேன். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் பல்லும் நீளமும் பொருந்திய தண்டு கிடைத்தது. "இத்த வுட்டா வேற எங்க கீதுன்னு நீயே தேடிக்கோ சார்" என்றார் கடைக்காரர். தட்டினேன். ஒலி சட்டென்று செத்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது நாளும் அலைய உடம்பில் தெம்பில்லை.

"தட்டினீங்களா மாப்ள?" மச்சான் கேட்டது அது ஒன்றுதான்.

"தட்டினேன் மச்சான். கணீர்னு கீது."

சுத்தியல் பக்கம் போன அவர் கை திரும்பிவிட்டது. "தங்கச்சி புருஷன் தட்டிக்கினு வந்தத நான் இன்னொரு தபா தட்டினா இன்னா மரியாதை?" என்று சிரித்தார். வீட்டு மாப்பிள்ளையின் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. மற்றவர்கள் கொண்டுவருவதை மூன்று முறை தட்டிப் பார்க்கிறவர், நான் கொடுத்ததை அப்படியே மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைவிடப்பட்ட கல்குவாரிச் சரிவில் மச்சான் வண்டியை ஏற்றும்போது தண்டு முறிந்து சக்கரம் கழன்றது. வண்டி பின்னோக்கி உருண்டு கவிழ்ந்தது. மேலே நின்று, வாங்க வாங்க என்று கையாட்டிக்கொண்டிருந்தவன் நான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருக்கு உயிர் தங்கவில்லை. முறிந்த தண்டை நான் மட்டும் திருப்பிப் பார்த்தேன். முறிந்த பரப்பில் பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. மறுபாதி துருவேறிய பழைய விரிசல்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன் கடை. சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது அந்தச் சாமானைப் பற்றிப் பேச்சை இழுப்பார்கள். என் மனைவி விடமாட்டாள். போன வாரமும் அப்படித்தான்.

"சும்மா பேசாதீங்க. எங்க வூட்டுக்காரரு தட்டிப் பாத்துதான் வாங்கினாரு. எங்கண்ணன்தான் கண்ணுமண்ணு தெரியாம வண்டிய ஏத்திட்டாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.