டுசல்டோர்ஃபில் எடுத்த கார்

யோகா கார் ஓட்டப் பழகியது ஆசைப்பட்டு அல்ல. கலியாணமாகி சிட்னிக்கு வந்த காலத்தில் அவளுடைய கணவர் வரதராஜாதான் ஓட்டினார். ஒருநாள் பிளாக்டவுனில் சிவப்பு விளக்குக்கு நின்ற லொறியின் பின்பக்கத்தில் அவருடைய கார் போய் முட்டியது. பின்சீட்டில் கைக்குழந்தை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு வரதராஜா ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார். "கை நடுங்குது யோகா" என்றார். ஏதோ ஒரு மாதத்துக்கு என்றுதான் அவள் நினைத்தாள். அவள் லைசென்ஸ் எடுத்து, இரண்டாவது பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கி வருடங்கள் ஓடிய பிறகும் அந்த நடுக்கம் தீரவில்லை.

செவன் ஹில்ஸில் இருந்த வீட்டிலிருந்து விடிய வெளிக்கிட்டு, அவரை வேலை செய்யும் பண்டகசாலையில் இறக்கிவிட்டு, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போவாள். அங்கே படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி முடித்து வெளியே வந்தால் மறுபடி கார். ரியூஷன், தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், செத்தவீடு, பிறந்தநாள். லைசென்ஸ் இல்லாத அன்ரிமார் வழியில் ஏறுவார்கள். யாருக்கு எங்கே போக வேண்டியிருந்தாலும், "யோகா இருக்கிறாதானே" என்று சொல்லிவிடுவார்கள். வரதராஜா பக்கத்துச் சீட்டில் இருந்து வழி சொல்லுவார். "லெஃப்ட் லேனுக்குப் போம். இப்ப போம். ஏன் போகேல்லை?" அவள் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் பாரிஸிலிருந்து கலியாண அழைப்பு வந்தது. வரதராஜாவின் அண்ணர் கணேசலிங்கத்தின் மகளுக்கு ஆனி மாதக் கடைசியில் கலியாணம்.

"இதைச் சாட்டி ஐரோப்பாவையும் பாத்திட்டு வரலாம்" என்றார் வரதராஜா. "நீரும் ஒருக்கா ஆறி இருக்கலாம்."

"வாறன். ஆனா ஒண்டு. அங்கை நான் காரைத் தொடமாட்டன்."

"ஏன் தொடுறீர்? அங்கை ரயில் எல்லா இடமும் போகுது."

மூத்த மகள் யூனிவர்சிட்டியில் இருந்தாள். தங்கையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் ஜெர்மனியிலிருந்து வரதராஜாவின் அக்கா சிவனேஸ்வரி போன் எடுத்தா.

சிவனேஸ்வரி டோர்ட்மூண்டில் இருந்தா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அவவும் அண்ணர் கணேசலிங்கமும் கதைத்து ஆறு வருடம். யாழ்ப்பாணத்தில் தகப்பன் செத்தபோது பாரிஸுக்குச் செய்தி வந்துவிட்டது. தங்கச்சிக்குத் தானே சொல்வதாக வரதராஜாவிடம் சொல்லிவிட்டு அண்ணர் சொல்லவேயில்லை. அரிசி வாங்கப் போன தமிழ்க் கடையில், காசாளர் மேசையில் நின்றவர் "அப்பாவின்ரை அலுவல் கேள்விப்பட்டன் அக்கா, பாவம்" என்று சொல்லித்தான் தகப்பன் செத்தது அவவுக்குத் தெரியும். அன்றைக்கே அண்ணரோடு கதைப்பதை விட்டா.

"அவன் கார்டு அனுப்பியிருக்கிறான்" என்று தம்பியிடம் போனில் சொன்னா. "என்ரை முழங்காலோடை ரயில் மாறி மாறி வர ஏலாது தம்பி. நீங்கள் காரிலை வந்து கூட்டிக்கொண்டு போனா வாறன். இல்லாட்டி இல்லை."

வரதராஜா போனை வைத்துவிட்டு யோகாவைப் பார்த்தார். அவள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் நின்ற பெண் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். ஓட்டோமெட்டிக் கார் என்று பதிந்திருந்தது உண்மைதான், ஆனால் இன்றைக்கு ஒன்றுமில்லை, கியர் போடும் கார்தான் இருக்கிறது என்றாள். யோகா கியர் கார் ஓட்டியது லைசென்ஸுக்குப் பழகியபோது மட்டும். ஒரு முழு நாள் விமானத்தில் இருந்து வந்த கால் வீங்கியிருந்தது. கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு "சரி" என்றாள். வேறென்ன சொல்வது?

கார் நிறுத்துமிடத்தில், அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதை மறந்து, இரண்டு பேரும் பிழையான கதவைப் போய்த் திறந்தார்கள். வரதராஜா ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி இருந்துவிட்டு, நெருப்பில் இருந்தவர் போலத் துள்ளி இறங்கினார். யோகாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிக்னல் போடக் கை வைத்தால் கண்ணாடி துடைப்பான் ஆடியது. இடது கையால் கியரைத் தேடினால் கதவு தட்டுப்பட்டது. அவருடைய பக்கம் கார் போய்ப் போய் ஓரத்துக் கல்லை உரசப் பார்த்தது. "வலது பக்கம், வலது பக்கம்" என்று வரதராஜா மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டோபான் என்ற வேகவீதியில் ஏறியதும் பின்னால் வந்தவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் கடந்துபோனார்கள். டோர்ட்மூண்டில் சிவனேஸ்வரி வீட்டு வாசலில் நிறுத்தியபோது யோகாவின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு விரிய மறுத்தன.

"களைச்சுப்போனாய்" என்று சிவனேஸ்வரி அவள் முகத்தைத் தடவினா. "நாளைக்கு வெள்ளன வெளிக்கிட்டாத்தான் சரி. ஞாயிறு காலமை தாலிகட்டு."

சனிக்கிழமை காலை வெளிக்கிட்டார்கள். சிவனேஸ்வரி பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, பட்டுச்சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தா. மருமகளுக்கு என்று வாங்கியது. ஆறு வருடக் கோபத்துக்கு நடுவிலும் வாங்கியிருக்கிறாவே என்று யோகா கண்ணாடியில் பார்த்து நினைத்தாள்.

பெல்ஜியத்துக்குள் நல்ல தூரம் போன பிறகு எண்ணெய் போட நிறுத்தினார்கள். யோகா கழிப்பறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது வரதராஜா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு திருப்தி.

"நானே அடிச்சுப்போட்டன். காசும் குடுத்தாச்சு. நீர் ஏறும்."

அவளுக்கு மனம் இளகியது. பாவம், தன்னால் இயன்றதைச் செய்கிறார் என்று நினைத்தாள்.

கொஞ்சத் தூரம்தான். கார் இருமியது. பிறகு குலுங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பக்கத்தில் லொறிகள் உறுமிக்கொண்டு போக, யோகா எப்படியோ காரை வீதி ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். அங்கே அது செத்தது.

"என்ன அடிச்சனீங்கள்?"

"பெற்றோல்தான். வேறை என்ன அடிக்கிறது?"

அவள் இறங்கிப்போய் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடியில் டீசல் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சிட்னியில் அவர்கள் வீட்டுக் கார்கள் எல்லாம் பெற்றோலில்தான் ஓடின. அந்த எழுத்தைப் பார்க்க வரதராஜாவுக்கு மூக்குக் கண்ணாடி வேண்டும். அது கைப்பையில் கிடந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். உள்ளே இருப்பது ஆபத்து என்று கம்பித் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டியிருந்தது. சிவனேஸ்வரியால் காலைத் தூக்கிப்போட முடியவில்லை. "என்ரை கழுத்தைச் சுத்திப் பிடியுங்கோ மச்சாள், பாரத்தை என்னிலை விடுங்கோ" என்று யோகா குனிந்து, முதியோர் இல்லத்தில் தூக்குவதுபோல அவவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். புல்லில் மூன்று பேரும் நின்றார்கள். நல்ல வெயில்.

வீதி ஓரத்து அவசர போனில் யோகா சொல்லி, இழுவை லொறிக்காரன் வந்து மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். ஒரு சின்ன ஊரின் கராஜுக்கு இழுத்துப்போனான். அங்கே இருந்து யோகா வாடகைக் கார் கம்பனியைக் கூப்பிட்டாள். இன்றைக்குச் சனி, மாற்றுக் கார் திங்கட்கிழமைதான் என்றார்கள். ரயில் நிலையம் எங்கே என்று கேட்டால் கராஜ்காரர் கையை விரித்தார்.

வரதராஜா ஒரு பழைய டயரில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "அண்ணையைக் கூப்பிடுவம்" என்றார் மெல்ல.

"கூப்பிடாதை" என்றா சிவனேஸ்வரி. "நான் வீட்டை போறன். என்னை அவன் வந்து ஏத்திக்கொண்டு போகத் தேவையில்லை. நான் செத்தாலும் அவன் ஒருத்தருக்கும் சொல்லமாட்டான்."

"அக்கா, அது பழைய கதை…"

"உனக்குப் பழைய கதை."

அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பேசினார்கள். யோகா கேட்டுக்கொண்டு நின்றாள். முதியோர் இல்லத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டைபிடிக்கக் கேட்டிருக்கிறாள். அவள் உள்ளே போய்க் கராஜ்காரரின் போனைக் காட்டிக் கெஞ்சி வாங்கி, தானே பாரிஸுக்கு எடுத்தாள்.

"அத்தான், நான் யோகா. காருக்குள்ளை பிழையான எண்ணெய் அடிச்சுப்போட்டம். பெல்ஜியத்திலை நிக்கிறம். மச்சாளும் நிக்கிறா."

அந்தப் பக்கம் பாத்திரங்களின் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. பிறகு கணேசலிங்கத்தின் குரல்.

"சிவனேசோ? அவ வந்தவவோ?"

"ஓம்."

"இடத்தைச் சொல்லு பிள்ளை."

நாளை மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிற மனிதர் தானே வானை ஓட்டிக்கொண்டு வந்தார். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டிருந்தார், ஆனால் சேட்டில் மஞ்சள் கறை. வானுக்குள் வெங்காய மூட்டை, அரிசி மூட்டை, வாழையிலைக் கட்டு. இறக்கக்கூட நிற்காமல் வந்திருக்கிறார். மாலை ஆகியும் சூரியன் மறையவில்லை. அவர் இறங்கி வந்து தங்கச்சிக்கு முன்னால் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சிவனேஸ்வரி அதை எதிர்பார்க்கவில்லை போலும், அவரைப் பார்த்தபடியே இருந்தா.

"ஏறு" என்றார் கணேசலிங்கம்.

"முழங்கால் ஏலாது."

அவர் ஒரு பக்கமும் வரதராஜா ஒரு பக்கமும் பிடித்து முன்சீட்டில் ஏற்றினார்கள். வரதராஜா நடுவில் இருந்தார். யோகாவுக்குப் பின்னால்தான் இடம். அரிசி மூட்டையில் சாய்ந்து, வெங்காய மூட்டையில் காலை வைத்தாள். வான் புறப்பட்டது. யாரோ ஓட்டுகிறார்கள். யாரோ கண்ணாடி பார்க்கிறார்கள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவளுக்கு அது நம்ப முடியாத சுகமாக இருந்தது.

முன்னாலிருந்து கணேசலிங்கத்தின் குரல் வந்தது. "நீ அப்பதான் ஒப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியாலை வந்தனி. போனை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தனான். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு…"

"கடைக்காரன் சொல்லுறான், அண்ணை. கடைக்காரன்."

"ஓம். அது பிழைதான். நான்…"

அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று யோகாவுக்குத் தெரியாது. அவள் நித்திரையாகிவிட்டாள். பாரிஸ் வரைக்கும், எல்லையைக் கடந்ததுகூடத் தெரியாமல் நித்திரை. எழுப்பியபோது அக்காவும் அண்ணரும் ஒன்றும் நடக்காததுபோல வாழையிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வரதராஜாவிடம் கேட்டாள்.

"என்ன சொன்னவர்?"

"கனக்கச் சொன்னவர். அக்கா அழுதவ. நீர் எழும்பியிருப்பீர் எண்டு நினைச்சன்."

கலியாணம் நல்லபடி நடந்தது. சிவனேஸ்வரி மணமகளுக்கு அந்தச் சேலையைக் கொடுத்தா. படம் எடுக்கும்போது அண்ணருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். யோகா தாலிகட்டைப் பார்த்தாள், அட்சதை போட்டாள், மண்டபத்துக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் அறையில் கோட்டுகளின் மேல் சாய்ந்தவள் பந்தி முடியும் வரை எழும்பவில்லை. அவளுடைய சாப்பாட்டை யாரோ மூடிவைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வாடகைக் கார் கம்பனிக்காரர் போன் எடுத்தார்கள். மாற்றுக் கார் ஆயத்தம், பாரிஸிலேயே எடுக்கலாம். கணேசலிங்கத்தின் வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு" என்றார் வரதராஜா. "மத்தியானம் வெளிக்கிட்டா இரவுக்கிடையிலை அக்காவைக் கொண்டுபோய் விட்டிடலாம். என்ன யோகா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையாட்டுவாள் என்று தெரிந்தவர்களின் பார்வை.

"நான் ஓட்டமாட்டன்" என்றாள் யோகா.

"என்ன?"

"எனக்கு ஏலாது. களைச்சுப்போனன். கார் வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"அப்ப அக்கா எப்பிடிப் போறது?"

"ரயில் இருக்குதானே. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

வரதராஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கணேசலிங்கம் மூக்கைச் சொறிந்தார். சிவனேஸ்வரிதான் பேசினா.

"கொலோனிலை ஒரு மாறல்தான். தம்பி பிடிச்சா நான் ஏறுவன்."

ஒரு மாறல்தான் என்றால் வரும்போதும் அப்படியே வந்திருக்கலாம். யோகா அதைச் சொல்லவில்லை. சிவனேஸ்வரிக்கும் தெரியும். புறப்படும்போது அவ யோகாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "படுத்து எழும்பு பிள்ளை" என்றா.

அவர்கள் போன பிறகு யோகா படுத்தாள். பின்னேரம் எழும்பி, கீழே போய், முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை. கடைசித் தரிப்பில் சாரதி திரும்பிப் பார்த்தான். அவள் சைகையால் திரும்பிப் போகிறேன் என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு விளக்கை அணைத்துச் சிகரெட் பற்றவைக்க இறங்கினான். வெறும் பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

சிட்னிக்கு வந்த பிறகு மறுபடி அவள்தான் ஓட்டினாள். வரதராஜா ஸ்டியரிங்கைத் தொடவில்லை, தொடப்போவதுமில்லை. ஆனால் வேலைக்கு ரயிலில் போகத் தொடங்கினார். காலையில் நிலையத்துக்கு நடக்கும்போது சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு போவார். யோகா அந்த நேரத்துக்கு எழும்புவதில்லை. அன்ரிமார் கேட்டால் "இந்தக் கிழமை ஏலாது அன்ரி" என்று சில நாட்களில் சொன்னாள். அவர்கள் கொஞ்சம் முறைத்துக்கொண்டு வேறு ஆளைப் பிடித்தார்கள்.