என்னையே குத்திப் பார்த்த டாக்டர்

இன்றைக்குக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில் என் சுருட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன்.

என் பயறு வியாபாரம் தெரிந்த கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்த சின்னக் கருவியால் என் கண்ணுக்குள் செத்த நேரம் பார்த்தார். பிறகு கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கு. கண்ணுக்குள்ள ரத்தக்குழாயெல்லாம் சுருங்கியிருக்கு. மூளையில ஓடுற சின்னக் குழாயும் இதே ரகம்தான். இப்படியே விட்டா ஒருநாள் கை கால் விழுந்துரும்" என்றார்.

"கண்ணப் பாத்து மூளையச் சொல்றீங்களே, எப்படிய்யா?"

"நீங்க என்ன, மூட்டையப் பிரிச்சுக் கொட்டியா பயறு வாங்குறீங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வருஷமாக மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதில் வரும் ஒரு பிடிப் பயறைப் பார்த்தே விலை பேசுகிறவன் நான். இன்றைக்கு என்னையே குத்திப் பார்த்துவிட்டார்!

"சரக்கு எப்படி?" என்றேன்.

"வண்டு இன்னும் விழல. இப்பவே காயப் போட்டா தேறிரும். சுருட்ட விடணும், உப்பு ஊறுகாயையும் குறைக்கணும்."

"ஒரு நாளைக்கு நாலு?"

"ஒண்ணுகூடக் கிடையாது."

"ரெண்டு?"

"வேற கடை பாருங்க."

பிழைத்தோம் என்று வெளியே வந்தால், மருந்து வேகத்தில் கடைவீதியே கல்யாண வீடாக மினுங்குகிறது. எதிரே வந்த எரியோடு ஊர்த் தரகரை மச்சினன் என்று கட்டிப்பிடித்துவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரெல்லாம் கண்ணைக் காட்ட வாரீக? நானே கூட்டிப் போறேன்.

முடிந்த பேரம்: சுருட்டு அறவே இல்லை, ஊறுகாய் ஞாயிறு மட்டும் ஒரு துண்டு, மாதாமாதம் நானே போய் மாதிரி காட்ட வேண்டும்.