பெண் பார்க்க வந்த எதிர்மனுதாரர்

என் மனைவி கடலூரில் குடும்ப நீதிமன்ற நீதிபதியாக இருக்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் தெரியாமல் சொல்லிவிட்டால் போதும். முதலில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த நிமிஷமே தன் தங்கை வீட்டுத் தகராறைச் சொல்ல ஆரம்பிப்பார். இதையெல்லாம் என்னிடம் சொல்லக் கூடாது, வீட்டில் போய் இதைப் பற்றி நான் வாயைத் திறக்கவும் முடியாது என்று விளக்கி முடிப்பதற்குள் சிதம்பரம் வந்துவிடும்.

சிதம்பரத்தில் நான் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர். எங்கள் சொந்த வீடும் அங்கேதான். ஆனால் குடியிருந்தது கடலூர் மஞ்சக்குப்பத்து அரசுக் குடியிருப்பில். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்தக் குடியிருப்பில் வாழ்வதற்கென்று சில விதிகள் இருந்தன. வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சீசன் வந்தால் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து யாராவது வாசலில் ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வைத்தது யார் என்று தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பழம் வாசலிலேயே பழுத்து, வீடு முழுக்க வாசனை நிரம்பி, கடைசியில் ஆபீஸ் உதவியாளர் அதை சைக்கிளில் கட்டி ஒரு அநாதை விடுதிக்குக் கொண்டுபோவார். இந்த மாவட்டத்தில் பலாச்சுளை தின்னாமல் சீசனைக் கழித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுனாமி வந்தபோது அவள் இதே கடலூரில் சின்ன கோர்ட்டில் இருந்தாள். தேவனாம்பட்டினத்தில் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. ஜனங்கள் எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் நின்றார்கள். இவள் மணலில் ஒரு தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தாள். அப்போது நானும் கூடவே உட்கார்ந்து எழுதினேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தார்ப்பாயை அவள் அப்புறம் மடிக்கவே இல்லை. வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போய், குடும்ப நீதிமன்றத்துக்கென்று திரும்பக் கடலூர் வந்ததும் பழையபடி ஞாயிறுதோறும் முகாம். ஒரு வாரம் தேவனாம்பட்டினம், ஒரு வாரம் மேல்பட்டாம்பாக்கம், இன்னொரு வாரம் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஏதாவது.

முகாமில் அவள் வேறு ஆள். கோர்ட்டுக்கு வராத சண்டைகளைப் பாயில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பாள். புருஷன், பெண்டாட்டி, மாமியார், தாய்மாமன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யார் ஜாஸ்தி பேசுகிறார்களோ அவரை டீ வாங்கி வர அனுப்பிவிடுவாள். அவர் டீயோடு திரும்புவதற்குள் பாதி விஷயம் முடிந்திருக்கும். மீனவப் பெண்கள் அவளை "எங்க ஜட்ஜம்மா" என்று கூப்பிடுவார்கள். அதே ஆள் கோர்ட்டில் சிரிக்கவே மாட்டாள் என்று உதவியாளர் சொல்லுவார். ஒரு தரப்பு வரவில்லை என்றால் வந்த தரப்பை ஒரு வார்த்தை பேச விட மாட்டாளாம்.

இதற்கு நடுவே எங்கள் ஒரே பெண்ணுக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றல், விதிகள், யாரோடும் ஒட்டாத வாழ்க்கை என்று ஊர் ஊராகத் திரிந்ததில் எங்களுக்கு வரன் கொண்டுவர ஒரு மனிதர் இல்லை. படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. மனைவியிடம் சொன்னால், "வரும்போது வரும்ங்க" என்று அடுத்த முகாமுக்குப் புடவையை எடுத்து வைப்பாள்.

கடைசியில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மூலம் ஒரு இடம் வந்தது. பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையன் நெய்வேலியில் இன்ஜினியர். ஒரு அண்ணன், அவருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஜாதகம் பொருந்தியது. பையன் என் பெண்ணோடு போனில் பேசினான். பேசி முடித்து வந்தவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. விவரங்களைச் சொல்ல மனைவியைத் தேடிப் போனேன். வாசலில் ஜீப் நின்றிருந்தது. "நீங்க பாத்தா போதாதா? நான் வந்து பையன நேர்ல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

கோர்ட் சம்பந்தம் எதுவும் ஒட்டக் கூடாது என்றுதான் பெண் பார்ப்பதைக் கடலூரில் வைக்காமல் சிதம்பரம் வீட்டில் வைத்தேன். வெள்ளையடித்தேன், நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். அன்றும் அவளுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் முகாம். மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அவர்கள் சரியான நேரத்துக்கு வேனில் வந்து இறங்கினார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, அண்ணன், ஒரு அத்தை. தாம்பாளத்தில் பூ, பழம், கூடவே ஒரு பெரிய பலாப்பழம். பையனின் அப்பா கலகலப்பான ஆள். "சம்பந்தின்னு இப்பவே கூப்பிடலாமா, இல்ல பொண்ணு சரின்னு சொல்ற வரைக்கும் சார்தானா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அண்ணன் மட்டும் ஒன்றும் பேசாமல் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தார். என் பெண் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். என் மனைவி வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. நீதிபதி வேலையின் சிரமங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி நேரத்தை ஓட்டினேன்.

ஒருவழியாக ஜீப் சத்தம் கேட்டது. புடவை ஓரமெல்லாம் புழுதியோடு, "மன்னிக்கணும், ரொம்ப லேட்டாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். மரியாதைக்காக எல்லாரும் எழுந்தார்கள். நாம் எல்லாரும் எழுந்திருக்கிற மாதிரி எழுந்தார்கள். அண்ணன் மட்டும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து, கைகட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றார். கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நிற்பார்களே, அப்படி.

என் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" என்று அவரைக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையனின் அப்பாதான் முந்திக்கொண்டார். மூத்த மருமகள் போட்ட விவாகரத்து வழக்கு அம்மா கோர்ட்டில்தான் நடக்கிறது, மறைக்க வேண்டுமென்று நினைக்கவில்லை, பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம் என்றார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க ஊர் முகாம்ல நீங்க பாய்ல உக்காந்து எத்தினி குடும்பத்த சேத்து வச்சீங்கன்னு கண்ணால பாத்தவன் நான். உறவுன்னு ஆயிட்டா எங்க வீட்டுதையும் அந்த மாதிரி பேசி முடிச்சிடுவீங்கன்னு நெனச்சோம். வேற ஒண்ணும் இல்ல."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். லஞ்சம் கொடுக்க வந்த முகம் இல்லை அது. பாயில் உட்கார்ந்த ஜட்ஜம்மாவைப் பார்த்து, மேசைக்குப் பின்னால் இருப்பவளும் அவள்தான் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைக்க வைத்தது யார்?

"முகாம்ல ரெண்டு பக்கமும் என் எதிர்ல உக்காந்திருப்பாங்க. கோர்ட்லயும் உங்க மருமக என் எதிர்ல நிப்பா. இங்க அவ இல்லியே" என்றாள் என் மனைவி. "தயவு செஞ்சு எல்லாரும் கிளம்புங்க."

அத்தை ஏதோ முணுமுணுத்தார். பையன் நின்ற இடத்திலிருந்தே என் பெண்ணைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவர்கள் வேனில் ஏறிய பிறகு என் மனைவி தாம்பாளத்தைக் காட்டி, "இத யாரு எடுத்துட்டுப் போறது?" என்றாள். நான் பூவையும் பழத்தையும் தூக்கிக்கொண்டு வேன் பின்னால் ஓடினேன். திரும்ப வந்து பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த இடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது, பேசாமல் இரு என்று கெஞ்சினேன். அவளுடைய நியாயம் வேறு மாதிரி இருந்தது. எதிர்மனுதாரர் தன் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டிருக்கிறார், அது மனுதாரருக்குத் தெரிய வேண்டும், தெரிந்த பிறகும் தானே விசாரிக்கலாமா என்று அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த வாய்தாவில் கோர்ட்டில், எல்லார் முன்னாலும், போன ஞாயிற்றுக்கிழமை எதிர்மனுதாரர் குடும்பத்தார் என் பெண்ணைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று சொல்லியே விட்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சக ஆசிரியர் ஒருவர், "என்ன சார், பொண்ணுக்கு வரன் பாத்தா கோர்ட்லயும் பதியணுமா?" என்றார். என் பெண்ணைப் பெண் பார்த்த கதை கடலூர் வக்கீல்கள் டீக்கடையிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வந்துவிட்டது. இனி எந்தக் குடும்பம் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கும்? தெரியாத நம்பரிலிருந்து யாராவது, "ஒரு வரன் விஷயமா" என்று பேச ஆரம்பித்தால் போனை வைத்துவிடுகிறேன்.

மருமகளின் வக்கீல் ஐகோர்ட்டில் மனுப் போட்டார். வழக்கு விழுப்புரத்துக்கு மாறியது. என் மனைவி, "சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போனாள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பையன் மட்டும் தனியாகச் சிதம்பரம் வந்து என்னைப் பள்ளி வாசலில் பார்த்தான். "அண்ணன் கேஸ் ஆன்ட்டி கோர்ட்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். சொல்லிடலாம்னேன். அப்பா அங்க போயி சொல்லிக்கலாம்னாரு. இப்ப கேஸ் அங்க இல்லியே, மறுபடி வரலாமா?" என்றான்.

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. மனைவியிடம் கேட்டேன். வழக்கு தன்னிடம் இல்லை, இனி தன்னால் தடை இல்லை, பெண்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். அப்பாடா என்றிருந்தது. ஓடிப் போய் என் பெண்ணிடம் சொன்னேன்.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். "ஆனா கேஸ் முடியட்டும். நான் இப்ப அந்த வீட்டுக்குப் போனா, அந்த அக்கா விழுப்புரம் போனாலும் வேற எங்க போனாலும், ஜட்ஜ் பொண்ணு அந்தப் பக்கம் இருக்கான்னுதான பேச்சு வரும்? அவரு காத்திருக்கேன்னு சொல்லிட்டாரு."

யாருடைய பெண்! அன்றிலிருந்து விழுப்புரத்தில் ஒவ்வொரு வாய்தா தள்ளும்போதும் என் வீட்டுக் கல்யாணம் தள்ளுகிறது. வக்கீல்கள் புறக்கணிப்பு என்றால் தள்ளுகிறது. அண்ணனுக்கு ஜுரம் என்றால் தள்ளுகிறது. உலகத்தில் எந்தத் தகப்பன் தன் பெண் கல்யாணத்துக்காக முன்பின் தெரியாத இரண்டு பேரின் விவாகரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பான்?

பொறுக்க முடியாமல் ஒருநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு விழுப்புரம் கோர்ட்டுக்கே போய்விட்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது. வராந்தாவின் ஒரு கோடியில் அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். இன்னொரு கோடியில் பெஞ்சில் ஒரு பெண், பக்கத்தில் பள்ளி யூனிஃபார்மில் ஒரு சிறுமி. நான் தள்ளித்தான் நின்றேன். அந்தப் பெண்ணே எழுந்து வந்தாள்.

"கடலூர் கோர்ட்டுக்கு சில நாள் அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துட்டு வருவீங்களே, நீங்கதான சார்?"

ஆமாம் என்றேன்.

"அம்மாகிட்டயே இருந்திருக்கலாம். அவுங்க கேட்டப்ப நான் ஒண்ணும் சொல்லல சார், வக்கீல்தான் மாத்திடலாம்னாரு. இப்ப கடலூர் முதுநகர்லேந்து ரெண்டு பஸ் மாறி வரேன். இங்க இன்னும் என்னை ஒரு வார்த்தை கேக்கல." கொஞ்சம் தயங்கினாள். "உங்க பொண்ணுக்கு முடிஞ்சிதா?"

இல்லை என்று தலையாட்டினேன். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "அந்தத் தம்பி நல்லவருதான் சார். கடைசி வரைக்கும் என்னை அண்ணின்னு பேசினது அவரு ஒருத்தர்தான்" என்றாள். அப்போது கோர்ட் ஊழியர் வெளியே வந்து நீதிபதி லீவு என்றார். அவள் சிறுமியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தாள். "உங்கள யாரு அங்க போகச் சொன்னது? மனுதாரர்கிட்ட எதுக்குப் பேசினீங்க?" நான் பேசவில்லை, அவள்தான் பேசினாள் என்றேன். தட்டில் சோறு போட்டுவிட்டு, "குழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பாம கூட்டிட்டு வந்தாளா?" என்று கேட்டாள். யூனிஃபார்மில் இருந்தாள் என்றேன்.

"நம்ம பொண்ணப் பத்தி உனக்கு ஒண்ணுமே கேக்கத் தோணலியா?" என்றேன்.

"அவ பின்பக்கம் போன்ல பேசிட்டு இருக்கா. நீங்களே கேளுங்க."

போனேன். என் பெண் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பினாள். விழுப்புரத்துச் செய்தி எனக்கு முன்னாலேயே அவளுக்கு வந்திருந்தது.

"அடுத்த வாய்தா ஆடி கழிச்சிதானாம்பா" என்றாள். "எப்படியும் ஆடியில நீங்க கல்யாணம் வைக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு இந்த முகம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. உள்ளே போய்க் காலண்டரில் ஆடி எப்போது முடிகிறது என்று பார்த்தேன்.